வேடியப்பன் கல்லும் வரலாற்றுப் பேராசிரியரும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தருமபுரியில் நெடுங்காலம் வரலாறு கற்பித்த பேராசிரியரின் மறைவுச் செய்தியைச் சென்ற வாரம் தங்கள் இதழின் மாவட்டப் பக்கத்தில் படித்தேன். பணியில் சேர்ந்தது, ஓய்வு பெற்றது எல்லாம் சரியாகவே இருந்தன. ‘நூல் எதுவும் வெளியிடவில்லை’ என்ற ஒரு வரிதான், அவரிடம் படித்த என்னை இக்கடிதம் எழுதத் தூண்டியது. வெளியிடவில்லை என்பது உண்மை; எழுதவில்லை என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது.

எங்கள் பகுதியில் வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் நிற்கும் பழைய நடுகற்களை மக்கள் வேடியப்பன் என்று சொல்லிப் பொங்கலிட்டுக் கும்பிடுகிறார்கள். கவர்ந்து செல்லப்பட்ட மாடுகளை மீட்கப் போய் இறந்தவனின் உருவமும், சிலவற்றில் அரசனின் ஆட்சியாண்டோடு சில வரி வட்டெழுத்தும் அவற்றில் இருக்கும். எண்ணெயும் மஞ்சளும் ஏறி எழுத்து மூடிக் கிடக்கும். அத்தகைய கல்லருகே எங்களை அழைத்துச் செல்லும் பேராசிரியர், செருப்பைத் தொலைவிலேயே கழற்றிவிட்டு, முதலில் ஊர்ப் பெரியவரிடம் அனுமதி கேட்பார். தேங்காய் உடைத்துக் கும்பிட்ட பிறகுதான் தண்ணீர்க் குடத்தைத் தொடுவார். கல்லைக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை தூரிகையால் தட்டித் தட்டி, துணிப்பொதியில் மை தொட்டு ஒற்றுவார். கறுத்த தாளில் எழுத்து வெள்ளையாய் எழும்போது, அதுவரை வேடிக்கை பார்த்த ஊர்க்காரர்கள் எங்களைத் தள்ளிக்கொண்டு வந்து குனிந்து பார்ப்பார்கள். அவர்களுக்குப் படித்துக் காட்டிய பிறகே எங்களுக்குப் பாடம்.

அரூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில், பூசாரி கல்லின் முன் சிறு கிண்ணத்தில் சாராயம் ஊற்றி வைத்ததைக் கண்டு நாங்கள் சிலர் சிரித்துவிட்டோம். பேராசிரியர் கோபிக்கவில்லை. அதியமான் இறந்தபின் அவனுடைய நடுகல்லுக்குப் பீலி சூட்டி, நாரால் வடித்த கள்ளைச் சிறு கலத்தில் படைப்பதைப் பார்த்து, மலையோடு நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இதைக் கொள்வானோ என்று ஔவையார் கலங்கும் புறநானூற்றின் 232ஆம் பாடலை அங்கேயே நின்று சொன்னார். அதியமானின் தகடூர்தான் இன்றைய தருமபுரி என்பது எங்களுக்குப் பரீட்சைக்குத் தெரிந்த செய்தி. அந்தக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டபோது சிரித்தவர் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பின்னாளில் நான் நில அளவர் வேலைக்குப் போனேன். வரலாறு படித்தவன் சங்கிலி இழுக்கப் போய்விட்டான் என்று கேலி செய்தாலும், அந்த வேலையைத் தமக்குப் பயன்படுத்திக்கொள்ள அவர் தவறவில்லை. கல் நிற்கும் இடத்தின் சர்வே எண், அது பார்க்கும் திசை, பூசை செய்யும் குடும்பம் ஆகியவற்றைத் தனித்தனியே நோட்டில் குறிப்பார். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது, ஓசூர், தேன்கனிக்கோட்டைக் கற்களுக்கெல்லாம் சிவப்பு மையில் மாவட்டப் பெயரைத் திருத்திக்கொண்டு ஒரு கோடை விடுமுறை முழுவதும் உட்கார்ந்திருந்தார். அது வீண் வேலை என்று அப்போது நினைத்தேன். கருங்கல் குவாரியும் சாலை விரிவாக்கமும் வந்த சில ஊர்களில், எந்தக் கல் எங்கே நின்றது என்பதற்கு இன்று அந்த நோட்டைத் தவிர நான் அறிய வேறு சான்று இல்லை. ஓர் ஊரில் பொக்லைன் இயந்திரம் வந்து நின்ற பிறகு, நில அளவைப் புலப்படத்தில் இல்லாத கல்லை நோட்டைக் காட்டி வாதாடி, இருபதடி தள்ளி நட்டோம். மற்றோர் ஊரில் நாங்கள் போவதற்குள் கல் உடைந்து கிடந்தது.

உயிரோடு இருந்தபோதே பேராசிரியர் தம் நோட்டுகளை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கப் பார்த்தார். அச்சான நூல்களை மட்டுமே பெறுவோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாற்பதுக்கு மேற்பட்ட நோட்டுகளும் மைப்படிச் சுருள்களும் இப்போது அவர் வீட்டு இரும்பு பீரோவில் இருக்கின்றன. கீழ்த்தட்டில் கரையான் ஏறியிருப்பதைக் காரியத்துக்குப் போனபோது பார்த்தேன்.

தருமபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் காட்சிக்கு உள்ளன. இந்த நோட்டுகள் அவற்றோடு இருக்க வேண்டியவை. தமிழ் இணையக் கல்விக்கழகம் அரிய நூல்களையும் சுவடிகளையும் மின்படியாக்கி எவரும் படிக்க வைத்திருப்பதால், இவற்றையும் அங்கே ஏற்றலாம். பீரோவின் சாவி அவருடைய மகளிடம் இருக்கிறது. மழைக்காலத்துக்கு முன் பொறுப்பான அலுவலர் ஒருவர் வந்து பார்த்தால், தூக்கி இறக்க நானும் உடன் படித்த இருவரும் வந்து நிற்போம்.

இப்படிக்கு,
பழைய மாணவர் ஒருவர்,
அரூர், தருமபுரி மாவட்டம்.