தரங்கம்பாடியில் இரண்டு ரூம்

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். அங்கே நீங்கள் மூன்று பேரும் நலமாக இருக்க அபிராமியை வேண்டிக்கொள்கிறேன்.

போனில் சொல்லலாம்தான். ஆனால் எந்த இடத்தில் "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்பாயோ என்று நினைத்துக்கொண்டே பேசினால் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதனால் எழுதி, நானே போட்டோ எடுத்து அனுப்புகிறேன். பக்கம் மாறி வந்தால் மேலே நம்பர் போட்டிருக்கிறேன், பார்த்துப் படி.

ஹோட்டல் ரசீது வந்து சேர்ந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருதரம் படித்தார், கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தரம் படித்தார். அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போகிற எல்லாரும் கோயில் பக்கத்திலேயே லாட்ஜ் எடுக்கிறார்கள், என் பிள்ளை தரங்கம்பாடியில் கடலைப் பார்த்த பழைய பங்களாவில் ரூம் போட்டிருக்கிறான் என்று எதிர்வீட்டில் சொல்லிவிட்டு வந்தார். எனக்கும் பெருமை இல்லாமல் இல்லை. குமார் மாமா காதில் விழுந்தால் மட்டும் "சொந்த ஊர்ல போய் வாடகைக்குப் படுக்கிறதா" என்று கேட்பான். வீட்டை விற்றது யார் என்று நான் திருப்பிக் கேட்க மாட்டேன். நீயும் கேட்காதே. அன்றைக்கு எல்லாரும் சிரித்த முகமாக இருக்கணும்.

தேதி சரியாகத்தான் போட்டிருக்கிறாய். அப்பா பிறந்தது பராபவ வருஷம். 60 வருஷம் சுற்றி இப்போதுதான் அது திரும்ப வந்திருக்கிறது. தை மாசத்து அனுஷம் அமாவாசைக்கு முந்தின வாரம் விழுவது நல்லதாகப் போயிற்று. தை அமாவாசை என்றால் அபிராமி பட்டருக்காகத் திருக்கடையூரில் கால் வைக்க இடம் இருக்காது. மழையும் அதற்குள் ஓய்ந்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் அந்தக் கரையில் யாரும் ரூம் போடக் கூடாது. எந்தப் புயல் எங்கே கரை கடக்கும் என்று டிவியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கணும்.

ஹோட்டலுக்கு நானே போன் பண்ணினேன். கோபித்துக்கொள்ளாதே. கீழ்த்தளத்தில் ரூம் இருக்கிறதா என்று கேட்கத்தான் பண்ணினேன். அப்பாவின் முழங்கால் உனக்குத் தெரியும். அந்தக் காலத்துக் கட்டடம், ஒவ்வொரு படியும் ஒரு சாண் உயரம் இருக்கும். பேசின பையன் மரியாதையாகத்தான் பேசினான். "மொத்தம் அஞ்சு பேரா தம்பி?" என்று கேட்டேன். "இல்லம்மா, பெரியவங்க மூணு பேருன்னுதான் போட்டிருக்கு. ரெண்டு ரூம்" என்றான். சரிப்பா என்று வைத்துவிட்டேன்.

அவசரத்தில் உன் பெயரை மட்டும் போட்டிருப்பாய். கம்ப்யூட்டரில் எத்தனை பேர் என்று கேட்கிற இடத்தில் தட்டும்போது விரல் தவறியிருக்கும். அப்படித்தான் அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒருவேளை பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தால் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. சின்ன ஹோட்டல், இருப்பதே ஏழெட்டு ரூம்தான். தையில் கல்யாணக் கூட்டம் வேறு. நிலாவுக்கு அந்த நாட்டுப் பாஸ்போர்ட்தானே, வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர் தங்கினால் ஹோட்டல்காரர்கள் அந்த விவரத்தை அரசாங்கத்துக்கு நிரப்பி அனுப்பணும். அவள் பாஸ்போர்ட், விசா நகலெல்லாம் கையோடு இருக்கட்டும். அங்கே ஜனவரி முழுக்கப் பள்ளிக்கூடம் லீவு என்று போன வருஷம் நீதான் சொன்னாய். சென்னைக்கு வந்து அங்கிருந்து ராத்திரி ரயிலில் குழந்தையோடு அலைய வேண்டாம். சிங்கப்பூர் வழியாகத் திருச்சிக்கே வந்துவிடுங்கள். கார் அனுப்புகிறோம். கும்பகோணத்தில் இரண்டு நாள் இருந்துவிட்டு எல்லாரும் ஒன்றாகக் கிளம்பலாம்.

கீழ்த்தள ரூமுக்கு நீயும் ஒரு மெயில் போட்டுவிடு. நான் வாயால் சொன்னது அவனுக்கு நினைவிருக்குமோ என்னமோ.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். ராத்திரிக்கு என்ன வேண்டும் என்று மத்தியானமே சொல்லிவிடணுமாம். அதற்குப் பிறகு கேட்டால் இருப்பதைத்தான் தருவார்கள். அந்தப் பக்கம் அகாலத்தில் பசித்தால் பொறையாறுக்குத்தான் ஓடணும். விசேஷத்துக்கு முந்தின நாள் நமக்கு மீன் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். மறுநாள் விடியும் முன்பே குளித்துக் கிளம்பணும். கோயில் பத்து கிலோமீட்டருக்குள்தான், ஆனாலும் கலசம் வைப்பதற்கு முன் போய் உட்காரணும். அந்த நேரத்துக்குச் சுடுதண்ணீர் வருமா, கேட்டைத் திறந்துவிட வாட்ச்மேன் இருப்பாரா, கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஏ.சி.க்கும் சேர்த்தா இல்லை லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டுமா, டிரைவர் எங்கே படுப்பார் — இதையெல்லாம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள். கடற்கரை ஹோட்டல் என்றால் போட்டோவில் பால்கனியைத்தான் காட்டுவார்கள். பாத்ரூமைக் காட்ட மாட்டார்கள். வழுக்குகிற தரையா என்று கேள். வர முடியாமல் போனால் பணம் எவ்வளவு திரும்பும் என்பதையும் பார்த்து வை. யாராவது ஒருவர் கடைசி நேரத்தில் வர முடியாமல் போகலாம், இல்லை வருவதாக ஆகலாம், இரண்டுக்கும் இடம் இருக்கணும்.

கலசத் தண்ணீர் விடுவது எப்படி என்று உனக்கு நினைவிருக்கிறதா? பெரியப்பா மணிவிழாவில் பார்த்திருப்பாய். நாங்கள் இரண்டு பேரும் பலகையில் உட்காருவோம். ஒவ்வொரு ஜோடியாக வந்து தண்ணீர் விடுவார்கள். பிள்ளையும் மருமகளும் வரும்போது ஃபோட்டோக்காரன் முன்னால் வந்து நிற்பான். அதற்குத்தான் சொல்கிறேன்.

நிலா வந்தால் ராஜ வீதியில் நடத்திக் கூட்டிப்போய் சீகன்பால்க் கட்டின தேவாலயத்தைக் காட்டணும் என்று ஆசை. 1706-இல் வந்து இறங்கினவர், ஊர்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித்தான் தமிழ் படித்தாராம். 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்துவிட்டார். 1718-இல் கோயிலைக் கட்டி முடித்து, மறு வருஷமே போய்ச்சேர்ந்து, அதற்குள்ளேயே புதைத்திருக்கிறார்கள். டென்மார்க் ராஜா அனுப்பின ஜெர்மன்காரருக்கு வந்த தமிழ் நம் நிலாவுக்கு வராமலா போகும்? முன்பெல்லாம் "பாட்டி" என்று எழுதி அனுப்புவாள், ஒரு கால் வாங்கியாவது திரும்பிக்கொண்டிருக்கும். கவிதா கையைப் பிடித்து எழுத வைப்பாள் போல. இப்போது கொஞ்ச நாளாக அதுவும் வருவதில்லை.

கோட்டை பக்கத்திலேயேதான். 1620-இல் ரகுநாத நாயக்கர் இடம் கொடுத்து டேனிஷ்காரன் கட்டினது. 1845-இல் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ்காரனிடம் விற்றுவிட்டுப் போனான். நீ போட்டிருக்கும் ரூம் வாடகையைப் பார்த்ததும் அப்பா இந்தக் கணக்கைச் சொல்லித்தான் சிரித்தார். மாசிலாமணிநாதர் கோயிலுக்கும் போகணும். 1306-இல் குலசேகர பாண்டியன் கட்டினது, முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. கரையெல்லாம் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். குழந்தையைத் தண்ணீரில் இறக்காதே. பார்க்க அமைதியாக இருக்கும், நம்பக் கூடாது. 2004-க்குப் பிறகு அம்மாச்சி சாகிறவரை அந்தப் பக்கம் கால் வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உனக்குப் பின்னால் இருந்த சுவர் வேறு மாதிரி தெரிந்தது. நீல ஸ்க்ரீன் இல்லை, நிலா வரைந்து ஒட்டின படமும் இல்லை. "வீடு மாத்திட்டானா?" என்று அப்பா கேட்டார். வேறு ரூமில் உட்கார்ந்து பேசுகிறான் என்றேன். நீயும் வேறு ரூம் என்றுதான் சொல்வாய். முன்பு கவிதா பின்னாலிருந்து "அத்தை, சாப்பிட்டீங்களா?" என்று குரல் கொடுப்பாள். இப்போது நான் கேட்டால் வேலையில் இருக்கிறாள் என்கிறாய். ஞாயிற்றுக்கிழமை கூடவா என்று கேட்க வாய் வரவில்லை.

உனக்குச் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். அப்பாவிடம் இதைப் பற்றிப் பேசாதே.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு மழைக்காலம் முழுக்க நான் தரங்கம்பாடியில்தான் இருந்தேன். பிரசவத்துக்கு வந்தது இல்லை. அதெல்லாம் முடிந்து, உன்னைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டுக்குப் போய், திரும்ப வந்தது. என்ன தகராறு என்று எழுதப் போவதில்லை, அது எனக்கும் அவருக்கும் உள்ளது. அவருக்கு வெளியூரில் ட்ரெய்னிங் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தேன். வீட்டில் உட்கார்ந்திருந்தால் யாராவது வந்து கேட்பார்கள் என்று சாயங்காலம் ஆனால் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு கோட்டைப் பக்கம் போய்விடுவேன். இருட்டினதற்குப் பிறகுதான் திரும்புவேன். நீ எடுத்திருக்கும் ஹோட்டலின் படத்தில் பின்னால் தெரிகிறதே, அந்தக் கரைதான்.

அம்மாச்சி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எத்தனை நாள் இருப்பாய் என்று கூடக் கேட்கவில்லை. அப்போது அது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. பிற்பாடு நினைத்தால் கோபமாகவும் இருந்தது. ஒரே ஒரு தரம் கேட்டிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேனே, ஏன் கேட்கவில்லை என்று. பொங்கல் கழிந்து ஒருநாள் அப்பா வந்தார். வாசலிலேயே நின்றார். "காபி சாப்பிடுறீங்களா மாப்பிள்ளை?" என்று அம்மாச்சி கேட்டாள், நேற்று வந்துபோனவரிடம் கேட்கிற மாதிரி. அவ்வளவுதான். அன்றைக்கு வராமலே போயிருந்தாலும் போயிருப்பார். அப்படிப் போன வீடுகளும் அதே தெருவில் இருந்தன. அந்தப் பெண்களும் பிள்ளைகளை வளர்த்தார்கள்.

அதனால்தான் எனக்குக் குழப்பமாக இருக்கிறது. கேட்டால் நல்லதா, கேட்காமல் இருந்தால் நல்லதா? அம்மாச்சி மாதிரி இருந்துவிடலாம் என்று ஆடி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த அளவு பொறுமை கிடையாது என்பது உனக்கே தெரியும். பள்ளிக்கூட ரேங்க் கார்டைக் கூட நீ காட்டும் முன்னால் பையைத் திறந்து பார்த்தவள் நான்.

நீ தனியாக வந்தாலும் வா. அதற்காக வராமல் இருந்துவிடாதே. உறவுக்காரர்கள் கேட்டால் பதில் சொல்ல நான் இருக்கிறேன். ட்ரெய்னிங் என்று சொல்லிப் பழக்கப்பட்ட வாய்தான். அக்கா வீட்டில் எல்லாரும் திருக்கடையூரிலேயே தங்கட்டும். தரங்கம்பாடியில் நாம் மட்டும் இருப்போம், யாரும் வந்து துருவ மாட்டார்கள். நீ அந்த ஊரைப் பிடித்துப் போட்டது அதற்காகத்தானோ என்றும் தோன்றுகிறது. அப்படியானால் கெட்டிக்காரன்தான்.

உன் ரூமில் ஒரு எக்ஸ்ட்ரா பெட் மட்டும் சொல்லி வை. நிலா வந்தால் படுக்கட்டும். வராவிட்டால் அப்பா மத்தியானம் காலை நீட்டிக்கொள்வார். பணம் போனால் போகிறது.

சரியாகச் சாப்பிடு. வெளிச் சாப்பாடு அதிகம் வேண்டாம், போன வாரம் முகம் உப்பியிருந்தது. கீழ்த்தள ரூமுக்கு மெயில் போட மறக்காதே.

அப்பா ஆசிகள்.

அன்புடன்,
அம்மா

பி.கு: பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று. கீழே யார் பெயர் போடுவது என்று பிரஸ்காரர் கேட்டார். மகன் மருமகள் என்றெல்லாம் வேண்டாம், பேரப்பிள்ளைகள் அழைப்பதாகப் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். நிலா பெயர் முதலில் வருகிறது. அப்பாவுக்கு அது பிடித்திருக்கிறது, வேறு எதுவும் கேட்கவில்லை. ஆனால் திருவாரூர் சம்பந்தி வீட்டுக்கு நேரில் போய்த்தான் பத்திரிகை வைக்கணும், தபாலில் அனுப்ப முடியாது. கவிதா அம்மா என்னைப் பார்த்ததும் அழுதாலும் அழுவார். நான் போகலாமா, வேண்டாமா? இதற்கு மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் போடு.