எச்.டி.சி இறக்கத்தில ஓஃப் ஆகுது, உங்கட கராஜில மட்டும் ஓகே ஆம்

வாடிக்கையாளர் சேவை மனேஜர் அவர்களுக்கு,

வணக்கம் சேர். உங்கட யாழ்ப்பாணக் கிளையில வாங்கின டபுள் கெப் சம்பந்தமா எழுதுறன். போனில சொல்லிச் சொல்லி வாய் நொந்துபோச்சு, ஒவ்வொருக்கா எடுக்கேக்கையும் வேற வேற பிள்ளையள் கதைக்கினம், எல்லாருக்கும் முதல்ல இருந்து கதை சொல்ல வேண்டிக்கிடக்கு, அதால எழுத்தில போடுறன். மறுமொழியும் எழுத்தில தான் வேணும்.

விஷயம் இதுதான். வாகனத்தில இருக்கிற எச்.டி.சி, அதுதான் ஹில் டிசென்ற் கொன்ட்ரோல், இறக்கத்தில தானே பிறேக் பிடிச்சு வாகனத்தை மெல்ல இறக்கிற சாமான், செங்குத்து இறக்கத்தில நடுவழியில சத்தம் சந்தடி இல்லாம ஓஃப் ஆகுது. உங்கட கராஜ்காரர் அதைச் சமதரையில ஓடிப் பாத்திட்டு ஜொப் காட்டில ஓகே எண்டு எழுதித் தந்து விட்டவை. முதலாவது பழுது, பழுது எந்த வாகனத்திலயும் வரும். ரெண்டாவது தான் எனக்குப் பொறுக்கேலாமக் கிடக்கு.

யாழ்ப்பாணத்தில இருக்கிறவனுக்கு எச்.டி.சி என்னத்துக்கு எண்டு உங்கட சேர்விஸ் அட்வைசர் தம்பி சிரிச்சவர், அதுக்கும் சேத்து மறுமொழி சொல்லிறன். என்ர தொழில் தண்ணிப் பம்பும் சொட்டுநீர்க் குழாயும் பொருத்துறது. கோண்டாவில், உரும்பிராய்த் தோட்டங்களில மட்டும் செய்து பிழைக்கேலாது, மலைநாட்டுப் பக்கமும் வேலை எடுக்கிறன், பண்டாரவளை, ஹப்புத்தளை, வெலிமடைப் பக்கம் மரக்கறித் தோட்டங்களும் எஸ்டேட் பங்களாக்களும். அங்க மெயின் றோட்டு காப்பெட் போட்டு நல்லாக் கிடக்கும், அதால இறங்கி உள்ளுக்குப் போனா ரெண்டு சில்லுக்கு மட்டும் கொங்கிறீற் போட்ட பாதை, நடுவில புல்லு, மழைக்காலத்தில பாசி, ஒரு பக்கம் தேயிலைச் சரிவு. அந்தப் பாதையளுக்காகத்தான் நான் கூடக் காசு குடுத்து இந்த மொடலை எடுத்தனான். 2020ல வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025ல தான் திரும்பத் திறந்தவை, அவ்வளவு காலமும் பழைய லொறியோட இழுபட்டு, பேந்து வந்த விலைக்கு வாங்கினது சேர் இது, ஆசைக்கு வாங்கினதில்ல. விக்கேக்க உங்கட ஆள் சொன்னது எனக்கு அப்பிடியே ஞாபகம் இருக்கு, சுவிச்சை அமத்திப் போட்டுக் காலை எடுத்திட்டு ஸ்டியரிங்கை மட்டும் பிடியுங்கோ, மிச்சத்தை வாகனம் பாக்கும் எண்டு.

இனி நடந்ததைச் சொல்லிறன், வடிவா வாசியுங்கோ, ஏனெண்டா உங்கட கராஜில ஒருத்தரும் இதை முழுசாக் கேக்கேல்ல.

ஹப்புத்தளையில இருந்து லிப்டன் சீற் பக்கம் போற றோட்டால பிரிஞ்சு மேல ஒரு பங்களா. இரவு அங்கயே தங்கிட்டம், வாகனம் விடிய விடிய பனிக்குள்ள நிண்டது. காலமை முதல் இறக்கம். பின்னால ரெண்டு பம்பும் குழாய்ச் சுருளும், பக்கத்தில என்ர மச்சான். ஃபோர் ஹை, அதுதான் நாலு சில்லும் இழுக்கிற சாதாரண கியர், போட்டு, முதலாம் கியரில, எச்.டி.சியை அமத்தினன், மீற்றரில பச்சை லைற் வந்தது. இறங்கத் தொடங்கினவுடன அந்த லைற் மின்னிச்சுது, கீழ கிர்ர்ர் எண்டு பம்ப் சத்தம், பிறேக் பெடல் கால் வைக்காமலே மெல்ல அதிருது, மனிசர் நடக்கிற வேகத்தில வாகனம் ஊருது. எல்லாம் புத்தகத்தில இருக்கிற மாதிரித்தான். இடப்பக்கம் மடிஞ்சு திரும்பிற முடக்கு ஒண்டு வருது, ஸ்டியரிங்கை முழுசா வெட்டினன், முன் இடது சில்லு தண்ணி அரிச்ச குழிக்குள்ள தொங்கிச்சுது, அந்த இடத்தில கிர்ர் சத்தம் நிண்டுபோச்சு. லைற் இல்ல. ஏபிஎஸ், அதுதான் பிறேக் அடிக்கேக்க சில்லு இறுகி வழுக்காமல் பாக்கிற சிஸ்டம், அதின்ர லைற் ஒருக்கா மஞ்சளா வந்து போனதை மச்சானும் கண்டவர். பீப் எண்டு ஒரு சத்தமும் வரேல்ல, மீற்றருக்க சின்ன எழுத்தில இங்கிலீசில ஏதோ வந்து மறைஞ்சுது, இறக்கத்தில வளைவுக்க நிக்கிறவன் றோட்டைப் பாப்பானோ அதை வாசிப்பானோ? வாகனம் எடுத்துக்கொண்டு போகுது. கால் பிறேக் வேலை செய்தபடியா தப்பினம். நிப்பாட்டி, ஃபோர் லோவுக்கு, அதுதான் நாலு சில்லும் மெல்ல, கூட இழுவையோட ஓடுற கியருக்கு மாத்தி, எஞ்சின் பிடியிலயே கீழ வந்து சேந்தம். மச்சான் கீழ வருமட்டும் வாயே திறக்கேல்ல, அவர் சும்மா இருக்கிற ஆளில்ல.

அதுக்குப் பிறகும் இது நடந்தது, வெலிமடைப் பக்கம், அங்கயும் இடப்பக்க முடக்கு தான், ஸ்டியரிங் முழு வெட்டு தான். நேர் இறக்கத்தில ஒருநாளும் ஓஃப் ஆகேல்ல.

இதை அப்பிடியே உங்கட கராஜில சொன்னனான். அவை செய்த வேலை என்ன தெரியுமோ? வாகனத்தைக் கொண்டுபோய் சங்குப்பிட்டிப் பாலத்து இறக்கத்தில ஓடிப் பாத்தவையாம். சேர், அந்தப் பாலத்தில சைக்கிளில வாற சனமே பிறேக் பிடிக்காமல் இறங்குது. யாழ்ப்பாணத்தில மலை எண்டு பேர் வைச்சது கீரிமலை ஒண்டுதான், அங்கயும் போனாக் கேணியும் கடலும்தான் கிடக்கு. இஞ்ச சரிவு இல்லை எண்டது உங்கட பிழை இல்லை, ஆனா சரிவு இல்லாத இடத்தில ரெஸ்ற் பண்ணிப்போட்டு ஓகே எண்டு எழுதுறது உங்கட பிழை. ரெஸ்ற் பண்ண வசதியில்லை எண்டு எழுதியிருந்தாக்கூட நான் பேசாமல் இருந்திருப்பன்.

அதை விட மோசம், ஸ்கானரைப் போட்ட பெடியன், வாகனம் பதிஞ்சு வைச்ச பிழைக் கோட் ஒண்டு கிடந்தது அண்ணை, கிளியர் பண்ணிட்டன் எண்டு சந்தோசமாச் சொல்லுறார். என்ன கோட் எண்டு கேட்டா ஞாபகம் இல்லை. பிறின்ற் எடுக்கேல்ல, போனிலயாவது ஒரு படம் எடுக்கேல்ல. எந்தச் சில்லு, எந்த நேரம், என்ன ஸ்பீட் எண்டு பிழை வந்த நேரத்துத் தரவும் அந்தக் கோட்டோட சேத்து இருந்திருக்கும், எல்லாம் போச்சு. அப்பிடி அழிச்சவை தான் பேந்து எனக்கே திருப்பிச் சொல்லுகினம், அண்ணை சிஸ்டத்தில ஒரு பிழையும் காட்டேல்லயே எண்டு.

பிறகு வந்த விளக்கங்கள் இன்னும் நல்லம். ஒருத்தர் சொன்னார் எஞ்சின் பிறேக் நல்லாப் பிடிக்குது, அப்ப எச்.டி.சியும் சரிதான் எண்டு. ரெண்டும் ஒண்டில்ல சேர். எஞ்சின் பிறேக் கியரில இருந்து வாறது. எச்.டி.சி எண்டது ஏபிஎஸ் யூனிற் தானே பம்ப் அடிச்சு ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனியாப் பிறேக் குடுக்கிறது, எந்தச் சில்லுக்கு எவ்வளவு எண்டு சில்லுகளில இருக்கிற ஸ்பீட் சென்சரைப் பாத்துத்தான் முடிவெடுக்கும். இந்தச் சாமான் முதல் வந்ததே 1997ல லாண்ட் ரோவர் ஃப்ரீலாண்டரில, அதில ஃபோர் லோ மாதிரி லோ ரேஞ்ச் கியர் இல்லாதபடியா அந்தக் குறையை நிரப்பத்தான் பிறேக்கால செய்தவை. நான் பம்ப் திருத்திறவன், எனக்கு இது தெரியும். உங்கட கராஜில இருக்கிறவைக்கும் தெரிஞ்சிருக்க வேணும் எண்டுதான் சொல்லிறன்.

இன்னொருத்தர் பிறேக் சூடேறினா எச்.டி.சி தானா ஓஃப் ஆகும், நோர்மல் எண்டார். சரி, சூடேறினா ஓஃப் ஆகும் எண்டதை நான் மறுக்கேல்ல, புத்தகத்திலயும் கிடக்கு. ஆனா இரவு முழுக்க மலைக்குளிரில நிண்ட வாகனம், காலமை முதல் இறக்கம், முதல் முடக்கு, அதுக்க என்ன சூடு? அப்பிடிச் சூடு எண்டே வைப்பம், பிறேக் ஒயிலைச் சோதிச்சீங்களோ எண்டு கேட்டன். டொட் 4 ஒயில் புதுசா இருக்கேக்க 230 பாகைக்கு மேலதான் கொதிக்கும், ஈரம் இழுத்திட்டா அந்த அளவு 155க்குக் கிட்ட இறங்கிடும், யாழ்ப்பாணத்துப் புழுக்கத்தில அது ஈரம் இழுக்காமல் இருக்குமோ. சோதிக்கேல்ல. அதுக்கும் ஓகே எண்டு ரிக் போட்டுக் கிடக்கு, அந்தக் காட் என்னட்ட பத்திரமா இருக்கு.

ஃபோர் லோவில போட்டு இறங்குங்கோ, எச்.டி.சியை விடுங்கோ எண்டு சொன்னவரும் இருக்கிறார். நான் இப்ப அப்பிடித்தான் இறங்கிறன். அப்ப அந்தச் சுவிச்சுக்கு நான் குடுத்த காசு?

என்ர கணிப்பு என்னெண்டா முன் இடது சில்லுக்குப் போற ஸ்பீட் சென்சர் வயர். ஸ்டியரிங் முழுசா வெட்டி, சில்லு கீழ தொங்கேக்க வயர் இழுபடுது, சிக்னல் விட்டுப்போகுது, ஏபிஎஸ் யூனிற்றுக்கு அந்தச் சில்லு தெரியேல்ல, உடன எச்.டி.சியைக் கைவிடுது. ஸ்டியரிங் நேரானவுடன சிக்னல் திரும்பி வந்திடும், அதால சமதரையில நேர ஓடிப் பாத்தா நூறு தரம் பாத்தாலும் ஓகே தான். நான் சொல்லுறது பிழையாவும் இருக்கலாம், ஆனா சோதிச்சுப் பாத்துப் பிழை எண்டு சொல்லுங்கோ. வாகனத்தை ஜக்கில ஏத்தி, ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா வெட்டி, வயரை அசைச்சுக்கொண்டு ஸ்கானரில நாலு சில்லுக் கணக்கையும் பாக்க எவ்வளவு நேரம் எடுக்கும்? இதுக்கு மலை தேவையில்லை.

ஏதோ மலைக்குப் போறவன்ர சில்லறைப் பிரச்சினை எண்டு இதை ஒதுக்கிப் போடாதேங்கோ. அதே சென்சரை நம்பித்தான் ஏபிஎஸ்சும் வழுக்காமல் பிடிக்கிற ஸ்ரெபிலிற்றி கொன்ட்ரோலும் வேலை செய்யுது. ஏ9 றோட்டில மாங்குளம் பக்கம் இரவில மாடு படுத்துக் கிடக்கும், மழை நேரம் சடாரெண்டு வெட்டிப் பிறேக் அடிச்சா அந்த வினாடி ஏபிஎஸ் இருக்குமோ இல்லையோ எண்டு எனக்கு ஆர் சொல்லுறது? அதே வாகனத்தில மனிசி பிள்ளையளையும் ஏத்திக்கொண்டு திரியிறன்.

எனக்கு வேணுமெண்டது பெரிசா ஒண்டுமில்லை. கொழும்பில இருந்தோ கண்டியில இருந்தோ விஷயம் தெரிஞ்ச ரெக்னீசியன் ஒருத்தர் பாக்க வேணும், நான் வாகனத்தைக் கண்டிக் கிளைக்குக் கொண்டுவரவும் றெடி, கடுகண்ணாவைப் பக்கம் உள்றோட்டில நல்ல இறக்கங்கள் கிடக்கு, பின்னால பாரம் ஏத்தி, என்னைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு ஓடிப் பாருங்கோ, ஓடேக்க ஸ்கானர் பதியட்டும், அந்தப் பதிவில ஒரு கொப்பி எனக்குத் தாங்கோ. சென்சரோ வயரோ பழுதெண்டா வொறண்டியில மாத்த வேணும், போய்வாற டீசல் காசும் உங்கட பக்கம். பழைய ஜொப் காட்டில கோட் வந்தது, அழிச்சது எண்ட ரெண்டையும் எழுதித் திருத்தித் தர வேணும், இல்லாட்டி நாளைக்கு வொறண்டி முடிஞ்சாப் பிறகு முந்தி ஒரு பிழையும் இருக்கேல்லயே எண்டு நீங்களே சொல்லுவியள். இன்னுமொண்டு, எச்.டி.சி எப்ப வேலை செய்யும், எப்பக் கைவிடும் எண்டதை ஒரு பக்கத்திலயாவது தமிழில அடிச்சு வாகனத்தோட குடுங்கோ. வடக்கில இவ்வளவு வாகனம் விக்கிறியள், காலை எடுத்திட்டுச் சும்மா இருங்கோ எண்டு சொல்லித்தான் விக்கிறியள், ஆரும் ஒருத்தர் அதை நம்பி இறங்கிப்போடுவார்.

இந்த மாத முடிவுக்குள்ள மறுமொழி வராட்டி நுகர்வோர் அதிகார சபைக்கு எழுதுறதா இருக்கிறன், அவையின்ர 1977 எண்ட நம்பருக்குப் போன் அடிச்சும் கேக்கத்தான் போறன். உங்களோட கோவிக்கிற எண்ணமில்லை, வாகனம் மற்றப்படி எனக்கு நல்லாப் பிடிச்சுக்கிடக்கு, எஞ்சினிலயோ கியரிலயோ ஒரு குறை சொல்ல மாட்டன்.

ஜொப் காட், வொறண்டிப் புத்தகம் ரெண்டின்ர படங்களும், மச்சான் எழுதித் தந்த துண்டும் இதோட அனுப்பிறன். வாகன நம்பர் ஜொப் காட்டில கிடக்கு. போன் எடுக்கிறதெண்டா பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு எடுங்கோ, பகலில பம்ப் சத்தத்துக்க எனக்கு ஒண்டும் கேக்காது.

இப்படிக்கு,
கோண்டாவிலில இருந்து உங்கட வாடிக்கையாளர்