அப்பாவின் உடம்பைத் தேற்றியவர்களுக்கு

வணக்கம்.

கல்லீரல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட எங்கள் அப்பா இப்போது பாளையங்கோட்டை வீட்டில் நலமாக இருக்கிறார். பேருந்து நிறுத்தம் வரை தனியாக நடந்துபோய்ப் பேப்பர் வாங்கி வருகிறார். உதவியவர்கள் நிறையப் பேர். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

முதல் நன்றி அறுவை சிகிச்சை டாக்டருக்கு, எங்களை உட்கார வைத்து சி.டி. ஸ்கேனைக் காட்டியதற்கும் சேர்த்து. கட்டியைக் காட்டி முடித்ததும், இடுப்புப் பகுதியின் மூன்றாவது முதுகெலும்பு மட்டத்துப் படத்தைத் திரையில் நிறுத்தினார். கொழுப்பு கறுப்பாகவும் தசை சாம்பல் நிறத்திலும் தெரியும் என்றார். தொப்பைக்குள் ஒரே கறுப்பு. முதுகெலும்பை ஒட்டியிருந்த தசை மெலிந்துபோய், அதற்குள்ளும் கறுப்புக் கீற்றுகள். முப்பது வருடம் லாரி ஓட்டியவர், பார்க்க வாட்டசாட்டமாக இருப்பார். "எடை இருக்கு, பலம் இல்லை" என்றார் டாக்டர். இப்படித் தசை குறைந்தும் கொழுப்பு கூடியும் இருப்பவர்களுக்கு அறுவைக்குப் பிறகு தொற்றும் நுரையீரல் சிக்கலும் வரும் வாய்ப்பு அதிகம், நோய் திரும்பும் அபாயமும் கூடுதல் என்று எதையும் மறைக்காமல் சொன்னார்.

ஹெபடைட்டிஸ் பி கிருமியால் அப்பாவின் கல்லீரலில் ஏற்கெனவே தழும்பு விழுந்திருந்தது. அதனால் வெட்டியெடுக்கப்போகும் வலது பக்கத்துக்கான ரத்தக் குழாயை முதலில் அடைத்து, மிஞ்சப்போகும் இடது பக்கம் வளரும் வரை சில வாரங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வாரங்களை வீணாக்காமல் பயன்படுத்தியது உணவியல் நிபுணர் அக்காவும் பிசியோதெரபி தம்பியும்தான்.

அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? எங்கள் பக்கத்தில் ஈரல் நோய் என்றாலே பத்தியம்தான். கஞ்சியும் மோர்ச்சோறும் மட்டும்தான்; முட்டை, மீன் பக்கமே போகக்கூடாது. சொந்தக்காரர்கள் போதாக்குறைக்கு, ஆபரேஷனுக்குள் பட்டினி கிடந்தாவது தொப்பையைக் குறைக்கச் சொன்னார்கள். நீங்கள் பொறுமையாக விளக்கினீர்கள்: பட்டினி போட்டால் கொழுப்போடு தசையும் கரையும்; வெட்டிய கல்லீரல் மறுபடி வளரப் புரதம் வேண்டும், சாப்பாட்டில் கிடைக்காவிட்டால் உடம்பு அதைத் தசையிலிருந்து எடுத்துக்கொள்ளும்; கல்லீரல் தடுமாறும்போது ரத்தத்தில் சேரும் அம்மோனியாவை அகற்றுவதிலும் தசைக்குப் பங்கு உண்டு. உயரத்துக்கேற்ற எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை என்று கணக்குப் போட்டு, அப்பாவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 80 முதல் 95 கிராம் புரதம் என்றீர்கள். ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்று தெரிந்ததும் அம்மா மலைத்துப் போனாள். அப்புறம் நீங்களே உட்கார்ந்து, முட்டை, மீன் குழம்பு, பருப்பு, தயிர், சுண்டல் என்று எங்கள் அடுப்படிக்குத் தகுந்த மாதிரி எழுதிக் கொடுத்தீர்கள். படுக்கப் போகும் முன் கட்டாயம் ஏதாவது சாப்பிட வேண்டும் என்று அடிக்கோடு வேறு. தழும்பு விழுந்த கல்லீரலால் சர்க்கரையைப் போதுமான அளவு சேமித்து வைக்க முடியாது, அதனால் ராத்திரி வெறும் வயிற்றில் தூங்கினால் விடிவதற்குள் உடம்பு தசையில் கை வைத்துவிடும் என்றீர்கள். இன்றும் அப்பா பாலும் பொட்டுக்கடலை மாவும் கலந்து குடித்துவிட்டுத்தான் படுக்கிறார்.

தம்பி, கைப்பிடியின் பலத்தை அளக்க நீங்கள் கொண்டுவந்த கருவியை அப்பா மறக்கவே இல்லை. ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் கீழே போனால் பலவீனம் என்று நீங்கள் சொன்னதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, நடை, மூச்சுப் பயிற்சிக் கருவியில் மூச்சை உள்ளிழுத்து மூன்று பந்துகளைத் தூக்குவது எல்லாவற்றையும் ஒரு நாள் விடாமல் செய்தார். ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை, குழாய்கள் தொங்கத் தொங்க அவரைக் கட்டிலோரம் உட்கார வைத்தீர்களே, அம்மா பயந்து அழுதாள். நீங்கள் பதறாமல் அப்பாவின் வயிற்றில் தலையணையை அணைத்துப் பிடித்து, "இப்ப இருமுங்க ஐயா" என்றீர்கள். சளி நெஞ்சில் தங்காமல் வெளியேறியதற்கு அதுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ராத்திரி எத்தனை முறை கூப்பிட்டாலும் முகம் கோணாத வார்டு சிஸ்டர்களுக்கும், ரத்தம் கொடுத்த லாரி ஸ்டாண்ட் அண்ணன்மாருக்கும், எங்கள் எல்லோரையும் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனைக்கு அனுப்பித் தடுப்பூசி போட வைத்த டாக்டரம்மாவுக்கும் நன்றி.

பக்கத்து வீட்டு ஆச்சி, சாயங்காலம் ஆனால் தூக்குச்சட்டியில் சுண்டலோடு வந்து, அப்பா சாப்பிட்டு முடிக்கும் வரை திண்ணையை விட்டு நகராமல் இருந்தீர்கள். அவர் முரண்டு பிடித்தபோது எங்களால் முடியாததை உங்கள் அதட்டல் செய்தது. அடுத்த ஸ்கேனுக்குத் தன்னோடு நீங்களும் வர வேண்டும் என்கிறார் அப்பா.

அன்புடன்,
மூத்த மகள், பாளையங்கோட்டை