மானியம் வரும்வரை எங்களைத் தாங்கியவர்களுக்கு நன்றி மடல்

ஃபிளாக் மாவட்டம், மொரீசியஸ்

எங்கள் தொழுவம் இன்றும் நிலைத்திருக்கத் துணைநின்ற உறவினர்களுக்கும் ஊர்ப் பெரியோர்களுக்கும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

பால் கறக்கும் இயந்திரமும் தீவனம் நறுக்கும் இயந்திரமும் வாங்கியதற்கான அரசு மானியம் சென்ற மாதம் எங்கள் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. கேள்விப்பட்டவர்கள், "அரசாங்கமே கொடுத்துவிட்டது, இனி என்ன கவலை?" என்று மகிழ்ச்சியோடு கேட்கிறார்கள். அரசுக்கு நாங்கள் கடமைப்பட்டவர்களே. ஆனால் அந்தத் தொகை முன்பணமாக எங்கள் கைக்கு வரவில்லை. முழு விலையையும் நாங்களே கொடுத்து வாங்கி, ரசீதுகளை ஒப்படைத்து, அலுவலர் நேரில் பார்த்துச் சென்ற பிறகே செலவில் ஒரு பங்கு திரும்பி வந்தது. நான்கு மாடுகளின் பாலை நம்பி வாழும் குடும்பத்திடம் அந்த முழு விலை எப்படி இருக்கும்? அந்த இடைப்பட்ட மாதங்களில் எங்களைத் தாங்கியவர்களுக்காகவே இம்மடலை எழுதுகிறோம்.

2016ஆம் ஆண்டில் ரொட்ரிக்ஸ் தீவிலும் பின்னர் இங்கும் கோமாரி நோய் பரவியபோது இரண்டு கறவை மாடுகளை இழந்தோம். அரசு தந்த இழப்பீட்டைக் கொண்டு ஒரு கிடாரி வாங்கினோம். ஆனால் அது சினைப்பட்டுக் கன்று ஈன்று பால் தரும்வரை வருமானம் இல்லை. தொழுவத்தையே மூடிவிடலாம் என்று என் கணவர் சொன்ன இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மறுநாள் காலையில், தம் மகளின் திருமணத்துக்குச் சேர்த்து வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதியை எழுத்து எதுவும் கேட்காமல் என் பெரியப்பா கொண்டுவந்து கொடுத்தார். இயந்திரம் வாங்கியபோதும் முதலில் கைகொடுத்தவர் அவரே. பெரியப்பா, உங்கள் கடனை அடைத்துவிட்டோம். நீங்கள் எங்கள்மேல் வைத்த நம்பிக்கைக்கு ஈடாக எதைத் தருவது என்றுதான் தெரியவில்லை.

எங்களைச் சுற்றியுள்ள கரும்புத் தோட்டக்காரர்களையும் மறக்க முடியாது. ஜூன் முதல் டிசம்பர் வரை நடக்கும் அறுவடையில், மாட்டுத் தீவனமாகும் கரும்பு நுனித் தழையான கொழுந்தாடையை வெட்டி எடுத்துக்கொள்ள எங்களை அனுமதித்தார்கள். அடர்தீவனத்தின் விலை ஏறிக்கொண்டே போகும் இந்நாளில், அந்தக் கொழுந்தாடையும் அரை மானியத்துக்குச் சமம் என்றே நான் கருதுகிறேன்.

விண்ணப்பப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. எங்களுக்கோ இந்நாட்டின் பேச்சுமொழியான கிரியோலும் வீட்டுத் தமிழும்தான் தெரியும். ஒரு தாள் குறைகிறது என்று ஓர் அலுவலகம் எங்கள் முதல் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியபோது, கோவிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை மூன்று மாலைப் பொழுதுகள் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, ஒவ்வொரு கேள்விக்கும் பொருள் சொல்லி, மறுபடியும் முழுவதையும் நிரப்பிக் கொடுத்தார். 2014 முதல் இயங்கிவரும் உணவு, வேளாண் ஆராய்ச்சி விரிவாக்க நிறுவனத்தின் அலுவலர் தம்பி, நறுக்கிய தீவனத்தில் வீணாவது எவ்வளவு குறையும் என்பதை மாட்டின் முன்னாலேயே செய்து காட்டியதற்கும் நன்றி.

நாம் குடிக்கும் பாலில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வரும் பால்தூள் என்பதை நீங்கள் அறிவீர்கள். அதனோடு விலையில் போட்டியிட எங்களைப் போன்றவர்களால் இயலாது. ஆகவே இந்த மானியத்தைச் சலுகையாக நான் பார்க்கவில்லை. ஆனால் கையில் பணமில்லாத சிறியவரும் அதைப் பெறும்படி ஒரு பகுதியையாவது முன்பணமாக வழங்கவேண்டும் என்று உரியவர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எல்லோருக்கும் என் பெரியப்பாவைப் போன்ற ஒருவர் வாய்ப்பதில்லை.

வரும் தைப்பூசத்துக்குக் காவடிச் செம்புக்குப் பசும்பால் வேண்டுவோர் முந்தின நாள் மாலைக்குள் எங்களிடம் சொல்லிவிடுங்கள். மேலே குறிப்பிட்ட யாரிடமும் அன்றைக்கு விலை வாங்கமாட்டோம்.

நன்றியுடன்,
ஒரு சிறு மாட்டுப் பண்ணைக் குடும்பம்