வக்கீல் அக்காவுக்கு: கேஸ் கட்டு இரண்டு கம்ப்யூட்டரிலும் இருக்கட்டும், பூட்டோடு

அன்புள்ள அக்கா,

நீ பென்டிரைவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கும் கோர்ட்டுக்கும் அலைவது எனக்குப் பயமாகவே இருக்கிறது. உன்னிடம் வருவதெல்லாம் குடும்ப நீதிமன்ற வழக்குகள். ஜீவனாம்ச மனு, குழந்தை யாரிடம் இருப்பது என்ற தகராறு, கூடவே மருத்துவச் சான்று, பேங்க் ஸ்டேட்மென்ட், வாட்ஸப் ஸ்கிரீன்ஷாட். கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் வெளியே விடக் கூடாது என்பது பழைய சாட்சியச் சட்டத்தில் 126-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 132-ஆவது பிரிவு. இதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பென்டிரைவ் ஷேர் ஆட்டோவில் நழுவி விழுந்தால், எடுத்தவர் எங்கே செருகினாலும் அத்தனையும் திறந்துகொள்ளும்.

போனில் இதைப் பேச ஆரம்பித்தால் பாதியில் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். உன் நிலையில் இருக்கும் மற்ற வக்கீல்களுக்கும் உதவட்டும்.

நான் சொல்வது சிங்க்திங். 2013-இன் கடைசியில் முதன்முதலில் வெளிவந்த இலவச, திறமூல மென்பொருள். வீட்டு டெஸ்க்டாப்பிலும் உன் லேப்டாப்பிலும் நிறுவினால், ஒன்றில் செய்த மாற்றம் மற்றதற்குத் தானாகப் போய்விடும். கிளவுட் டிரைவிலும் குறியாக்கம் (சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றிவைப்பது) உண்டே என்பாய். உண்டு, ஆனால் பெரும்பாலும் அதன் சாவி அந்த நிறுவனத்திடம்தான். இதில் சாவி உன் இரண்டு கம்ப்யூட்டரையும் தாண்டாது. இரண்டும் நேரடியாக இணைய முடியாத நெட்வொர்க்கில் இருந்தால் நடுவில் ஒரு ரிலே சர்வர், அதாவது வாங்கி அப்படியே கடத்திவிடும் வேறொருவரின் கம்ப்யூட்டர், வழியாகப் போகும். வேகம் குறையும், அவ்வளவுதான். ரிலே நடத்துபவரால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது.

நிறுவியதும் பிரவுசரில் 127.0.0.1:8384 என்ற முகவரியில் ஒரு பக்கம் திறக்கும். அதில் அந்தக் கம்ப்யூட்டரின் டிவைஸ் ஐடி இருக்கும்: ஏழு ஏழு எழுத்தாக எட்டுத் தொகுதி. அந்தக் கம்ப்யூட்டரில் சிங்க்திங் உருவாக்கிக்கொள்ளும் டிஜிட்டல் சான்றிதழிலிருந்தே அது கணக்கிடப்படுவதால், வேறொன்று அதன் பெயரில் உள்ளே நுழைய முடியாது. ஐடி யாருக்காவது தெரிந்தாலும் பரவாயில்லை, இரு பக்கமும் ஒன்றையொன்று சேர்த்தால்தான் இணைப்பு. ஆபத்து எங்கே என்றால், ‘புதிய டிவைஸ் இணைய விரும்புகிறது’ என்று வரும் அறிவிப்பைப் பார்க்காமலே சம்மதிப்பதில். இரண்டு கம்ப்யூட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எட்டுத் தொகுதியையும் வாசித்து ஒப்பிடு. பத்திர நகலை மூலத்தோடு ஒப்பிடும் பொறுமை உனக்கு இருக்கிறது, இது அதைவிடச் சின்ன வேலை.

அப்புறம் ஃபோல்டரைப் பகிர்வது சுலபம். நான் வற்புறுத்துவது ஃபைல் வெர்ஷனிங்கை, அதாவது கோப்பின் பழைய பிரதிகளைச் சேர்த்துவைக்கும் வசதியை. குமாஸ்தா தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் அந்த அழிப்பும் மற்ற கம்ப்யூட்டருக்கு வந்து சேரும். ‘ஸ்டேகர்ட்’ வகையைத் தேர்ந்தெடுத்தால் முதல் ஒரு மணி நேரத்துக்கு அடிக்கடி, முதல் நாளுக்கு மணிக்கொன்று, முதல் 30 நாளுக்குத் தினம் ஒன்று, அதற்குமேல் வாரம் ஒன்று என்று பழைய பிரதிகளை வைத்துக்கொள்ளும். பலர் கவனிக்காத விஷயம்: மற்ற கம்ப்யூட்டரிலிருந்து வரும் மாற்றத்துக்கு மட்டும்தான் இது பிரதி எடுக்கும், அதே கம்ப்யூட்டரில் செய்த மாற்றத்துக்கு எடுக்காது. ஆகவே இரண்டிலும் போடு. எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் தனியாக பேக்கப் எடுப்பதையும் விடாதே.

கோர்ட்டில் நெட் இல்லாமல் நீ ஒரு அஃபிடவிட்டைத் திருத்துகிறாய், அதே நேரம் வீட்டில் குமாஸ்தா அதையே திறந்து பெயர்ப் பிழையைச் சரிசெய்கிறார். இரண்டும் சந்திக்கும்போது கடைசியாகத் திருத்தியது பழைய பெயரிலேயே இருக்கும். மற்றதன் பெயரில் ‘சிங்க்-கான்ஃப்ளிக்ட்’ என்பதோடு தேதியும் நேரமும் சேர்ந்திருக்கும். எதுவும் தொலையாது. ஆனால் கோர்ட்டில் ஃபைல் பண்ணுவதற்கு முன் அப்படி ஒரு கோப்பு கிடக்கிறதா என்று பார்த்துக்கொள்.

ஒரு சிக்கல் மீதி. மாற்றம் போய்ச்சேர இரண்டும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். நீ லேப்டாப்பைத் திறக்கும் நேரம் வீட்டு டெஸ்க்டாப் அணைந்திருக்கும். என் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதை மூன்றாவதாகச் சேர்த்துக்கொள். என்னோடு பகிரும்போது உன் இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே கடவுச்சொல்லைக் கொடு. என் பக்கம் ‘ரிசீவ் என்கிரிப்டட்’ (பூட்டிய நிலையில் மட்டும் பெறுவது) என்று வைத்துக்கொள்கிறேன். லேப்டாப்பிலிருந்து வருவது என்னிடம் தங்கி, டெஸ்க்டாப் உயிர்பெற்றதும் அங்கே போகும். என்னிடம் இருக்கும்வரை கோப்பின் உள்ளடக்கம் மட்டுமல்ல, பெயர்கூட புரியாத எழுத்துக் கோவையாகத்தான் தெரியும். கோப்பின் அளவும், அதில் எந்தப் பகுதி எப்போது மாறியது என்பதும் எனக்குத் தெரியும், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியாது. என் தம்பிதானே என்று நீ விட்டுவிடுவாய், ஆனால் உன் கட்சிக்காரர் என்னை நம்பி உன்னிடம் வரவில்லை.

உன் போனில் சிங்க்திங்கை இப்போதைக்கு நிறுவ வேண்டாம். அதிகாரப்பூர்வ ஆண்ட்ராய்டு செயலியை 2024 டிசம்பரோடு நிறுத்திவிட்டார்கள். வேறு சிலர் நடத்தும் பதிப்பைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

இதெல்லாம் வழியில் போகும்போதுதான் காவல். உன் இரண்டு கம்ப்யூட்டரின் டிஸ்க்கிலும் கோப்பு வெறுமனேதான் இருக்கும். லேப்டாப் திருட்டுப் போனால் சிங்க்திங்கால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் டிஸ்க்கையே பூட்ட வேண்டும்: விண்டோஸ் ப்ரோ என்றால் அதிலேயே இருக்கும் பிட்லாக்கர், உபுண்டு என்றால் நிறுவும்போதே குறியாக்கத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ரெக்கவரி கீயை (டிஸ்க் பூட்டு திறக்காமல் போனால் உதவும் மாற்றுச் சாவி) காகிதத்தில் எழுதி பீரோவில் வை, எனக்காகப் போட்ட கடவுச்சொல்லையும் அதோடு வை. அந்தக் கடவுச்சொல் தொலைந்தால் என்னிடம் இருக்கும் பிரதி யாருக்கும் உதவாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டெஸ்க்டாப்பையும் லேப்டாப்பையும் ஒரே மேசையில் வைத்துக்கொண்டு கூப்பிடு. ஐடிகளை வாசித்துச் சரிபார்ப்போம். கடவுச்சொல்லை மட்டும் என்னிடம் சொல்லாதே.

அன்புடன்,
தம்பி