பாட்டிலின் அடியில் இருப்பது கண்ணாடி அல்ல

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வெள்ளை ஒயின் பாட்டிலைக் கவிழ்த்து, அடியில் மின்னும் துகளைக் கண்ணாடி என்று காட்டும் வாட்ஸ்அப் வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். புதுச்சேரி சின்ன ஊர்; 'கண்ணாடித் தூள் விற்கிற கடை' என்ற பேச்சு எங்கள் காதுக்கே மூன்று பக்கமிருந்து வந்துவிட்டது.

அது டார்ட்ரேட் உப்பு. புளியில் இருக்கும் அதே டார்டாரிக் அமிலம் திராட்சையிலும் உண்டு. பழத்திலுள்ள பொட்டாசியத்தோடு சேர்ந்து, குளிரில் கரைந்து நிற்க முடியாமல் கற்கண்டுப் பொடிபோல அடியில் தங்கும். கேக் செய்கிறவர்கள் காசு கொடுத்து வாங்கும் கிரீம் ஆஃப் டார்ட்டர் இதுவேதான். பல தயாரிப்பாளர்கள் ஒயினைப் பூஜ்யத்துக்குக் கீழே குளிரவைத்து, இதை முன்பே வடித்துவிடுவார்கள். சிலர் ருசி போய்விடும் என்று விட்டுவிடுவார்கள். சந்தேகமிருந்தால் ஒரு சிட்டிகையைக் கொதிக்கும் வெந்நீர் டம்ளரில் கலக்கிப் பாருங்கள். உப்பு கரையும், கண்ணாடி கரையாது. (எங்கள் பிரிட்ஜ் 2 டிகிரியில் இருந்தது. இப்போது 8.)

அடுத்தது 'புளித்துப்போன சரக்கு' என்ற புகார். போர்ட் ஒயின் இனிப்புக்குப் பழகிய நாக்குக்கு டிரை ஒயின் அப்படித்தான் படும். டிரை என்றால் சர்க்கரை அநேகமாக முழுவதும் ஆல்கஹாலாகிவிட்டது, மிச்சம் பொதுவாக லிட்டருக்கு 4 கிராமுக்குள் என்று பொருள். டானின் என்று லேபிளில் படிப்பது நம் துவர்ப்பு: பாக்கும் வாழைப்பூவும் நாக்கை இழுப்பதுபோல. சிவப்பு ஒயின் தோலோடும் விதையோடும் நொதிப்பதால் அதில் துவர்ப்பு அதிகம். வெள்ளைக்குச் சாறு மட்டும். ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயினுக்குத் தோல் சில மணி நேரமே. வாயோரம் எச்சில் ஊறினால் அது அமிலம். பாடி (body) என்பது வாயில் தெரியும் கனம்: நீர்மோருக்கும் கெட்டி மோருக்கும் உள்ள வித்தியாசம். புதியவர்கள் நாசிக் செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினில் தொடங்கலாம். ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினை மட்டன் வறுவலோடு வைத்துக்கொள்ளுங்கள், துவர்ப்பு அடங்கும்.

சிவப்பை 'அறை வெப்பத்தில்' குடிக்கச் சொல்வது 18 டிகிரி அறைக்கு. நம் 32 டிகிரியில் ஆல்கஹால் நெடிதான் மூக்கில் ஏறும். அரைமணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள்.

திறந்தவுடன் நனைந்த அட்டைப்பெட்டி வாடையோ வினிகர் நெடியோ அடித்தால், அது கெட்டதுதான். கார்க்கோடும் ரசீதோடும் கொண்டுவாருங்கள், மாற்றித் தருவோம். திறந்து பத்து நாள் அலமாரியில் வைத்திருந்ததை மட்டும் வேண்டாம்.

வீடியோவுக்குப் பிறகும் வழக்கம்போல வந்தவர்களுக்கும், அந்த வாட்ஸ்அப் குழுவிலேயே எங்களுக்காகப் பரிந்து பேசியவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. வெள்ளை ஒயின் சிலவற்றின் விலை மாறியிருக்கிறது. புதிய பட்டியல் கல்லாவுக்குப் பக்கத்தில்.

இப்படிக்கு,
கடையார்