பிடுங்கிப் போட்ட பிறகும் கெடுக்கும் களை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் களை நிர்வாகம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். களை உரத்தைத் தின்னும், தண்ணீரைக் குடிக்கும், வெயிலை மறைக்கும் என்று எழுதியிருந்தீர்கள். சரிதான். ஆனால் பார்த்தீனியம் என்கிற களை அதோடு நிற்பதில்லை. பக்கத்துப் பயிருக்கு விஷம் வைக்கிற செடி அது. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறையாகப் பட்டது.

இரண்டு வருடத்துக்கு முன் வரப்பில் மண்டியிருந்த பார்த்தீனியத்தைப் பிடுங்கி, தக்காளி நாற்றங்காலில் ஒரு பாத்திக்கு மண்ணை மூடும் மூடாக்காகப் போட்டேன். பக்கத்துப் பாத்திக்குக் கரும்புச் சோகை, அதாவது காய்ந்த கரும்பு இலை. சோகை போட்ட பாத்தி பச்சென்று வந்தது. மற்றதில் பாதி முளைக்கவே இல்லை. விதைதான் சரியில்லை என்று நினைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன். இரண்டும் ஒரே பாக்கெட் விதை என்பது அப்புறம்தான் உறைத்தது.

பிறகு அந்தப் பார்த்தீனிய இலையை ஒரு ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, ஈரத்துணியில் கம்பு விதையைப் பரப்பி அந்தத் தண்ணீரைத் தெளித்துப் பார்த்தேன். இன்னொரு துணிக்குக் கிணற்றுத் தண்ணீர். மூன்றாம் நாள் கிணற்றுத் தண்ணீரில் வெள்ளை வெளேரென்று வேர் ஓடியிருந்தது. இலைத் தண்ணீரில் முளைத்ததே கொஞ்சம், அதிலும் வேர் நுனி பழுப்பேறிக் குட்டையாக நின்றுவிட்டது.

பார்த்தீனியத்தின் இலையிலும் பூவிலும் பார்த்தீனின் என்ற நச்சு இருக்கிறது. கூடவே சில ஃபீனாலிக் அமிலங்களும். மழையில் கழுவி மண்ணில் இறங்கும். செடி செத்து மட்கும்போதும் இறங்கும். பயறு வகைகளில் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கிற வேர்முடிச்சு கட்டுவதையும் குறைக்கும். இதன் மகரந்தம் தக்காளி, மிளகாய், கத்தரிப் பூவில் மகரந்தம் ஏற்கும் சூல்முடியில் படிந்தால் காய்ப்பிடிப்பு குறையும் என்று பெங்களூர் ஆய்வாளர்கள் 1980 வாக்கிலேயே சொல்லிவிட்டார்கள். வயலுக்குள் களையே இல்லை, வரப்பில்தானே நிற்கிறது என்று விடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு செடி பத்தாயிரத்துக்கும் மேல் விதை போடும். அதனால் பூக்கும் முன்பே, கையில் உறை போட்டுக்கொண்டு, வேரோடு பிடுங்க வேண்டும். பச்சையாக மூடாக்குப் போடவே கூடாது. குழியில் போட்டு நன்றாக மட்கவிட்டுத்தான் உரமாக்க வேண்டும்.

ஆடிப்பட்டத்துக்குள் இதைப் பற்றித் தனிக் கட்டுரை போடுங்கள் ஐயா. எங்கள் வரப்புகளில் இப்போது இலை தரையோடு படர்ந்து கிடக்கிறது, இன்னும் பூ விடவில்லை. இரண்டு மூன்று வாரம் போனால் பூத்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு தக்காளி விவசாயி,
உடுமலைப்பேட்டை வட்டம்